ஈவ்லின் சிஸ்டரும் அறுநூறு சோளக்குருவிகளும்

"தட்டுவேனுங்க. என்ற மாடி, என்ற தட்டு, என்ற கரண்டி. இதுல உங்களுக்கு எங்க நோவுது?"

"நான் எண்ணிட்டிருக்கேன் மாரக்கா. முன்னூத்தி நாப்பது வரைக்கும் வந்தாச்சு. நீங்க தட்டினதுல எல்லாம் எழும்பி இடம் மாறி உட்கார்ந்திருக்கு. இனி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"எண்ணி என்ன பண்ணப் போறீங்க? ரேஷன் கார்டு வாங்கிக் குடுக்கப் போறீங்களா அதுகளுக்கு?"

"வாங்கியும் குடுப்பேன். முதல்ல கரண்டியைக் கீழ வைங்க."

"வெக்க மாட்டேன். என்ற புள்ளைக்குக் கல்யாணம். வாசல்ல பந்தல் போடணும். இதுக பேண்டு வெக்கிறதுக்கா பந்தல்?"

மைசூர் ஹெப்பாள் இரண்டாவது ஸ்டேஜில் இந்த இரண்டு மாடிகளுக்கும் நடுவே இருபதடி ரோடும் ஓர் அரசமரமும்தான் உண்டு. இந்தப் பக்கத்து மாடியில் கழுத்தில் பைனாகுலரும் கையில் நோட்டுமாக ஈவ்லின். அந்தப் பக்கத்து மாடியில் எவர்சில்வர் தட்டும் குழம்புக் கரண்டியுமாக மாரக்காள். நடுவில் மரம் கொள்ளாத குருவிகள். அந்த வாரம் மாலை ஆறு மணிக்கு மேல் சீரியல் பார்க்கும் வழக்கம் தெருவில் அடியோடு நின்றுபோனது. காய்ந்த துணி எடுக்க வந்தவர்கள் போல மாடிக்கு மாடி ஆட்கள் நின்றார்கள். அவ்வளவு துணி அந்தத் தெருவில் யாரும் துவைப்பதில்லை.

மாரக்காள் அவற்றைச் சோளக்குருவி என்பாள். ஹனூர்ப் பக்கத்துக் காட்டில் சோளக் கதிரை இந்தக் குருவிகளிடமிருந்து காப்பதற்காகவே பரண் கட்டி, பத்து வயதில் அதன்மேல் ஏற்றிவிடப்பட்டவள். ஈவ்லினின் நோட்டில் அவை ரோஸி ஸ்டார்லிங். தெருவுக்குப் பிங்க் மைனா. மைனா அளவு, ரோஜா நிற உடம்பு, கறுப்புத் தலை, கறுப்பு இறக்கை. மழை ஓய்ந்ததும் வடக்கேயிருந்து வந்து, பனிக்காலம் முழுக்கத் தெற்கே தின்று திரிந்துவிட்டு, பங்குனியில் அரசம்பழம் கனியும்போது இந்த மரத்தில் வந்து கூடும். பிறகு ஒரு நாள் பார்த்தால் இருக்காது. கஜகஸ்தான் வரைக்கும் போய் அங்கேதான் முட்டையிடுமாம். பாஸ்போர்ட் எடுக்க மூன்று வருஷமாக அலைந்துகொண்டிருந்த கோடி வீட்டு முரளிதரனுக்கு இந்தச் செய்தி அறவே பிடிக்கவில்லை.

"பிறகு ஒரு நாள் பார்த்தால் இருக்காது" என்பதில்தான் ஈவ்லினின் வியாதி இருந்தது. முப்பத்துநாலு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கொரோனா வந்த வருஷம், வார்டு டியூட்டி முடிந்து பதினாலு நாள் மாடி அறையில் தனியாக அடைந்து கிடந்தாள். கணவர் அமலதாஸ் சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று ஜெபம் சொல்லிவிட்டுப் போவார். ஜன்னலில் தெரிந்தது இந்த மரமும் குருவிகளும்தான். பன்னிரண்டு நாள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாம் நாள் டெஸ்டுக்கு அழைத்துப் போனார்கள். மத்தியானம் திரும்பி வந்தபோது மரம் காலி.

"போறதைப் பார்க்கலையே" என்றாள்.

"ரிசல்ட் என்னாச்சு?" என்றார் அமலதாஸ்.

"நெகட்டிவ். போறதைப் பார்க்கலைங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் இதே கதை. ஒரு வருஷம் காலை ஷிப்ட். ஒரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன். ஒரு வருஷம் நாத்தனார் மகள் கல்யாணம், மாதேஸ்வரன் மலைப் பக்கம், ஒரு பகல்தான். அந்த ஒரு பகலுக்குள் கிளம்பிவிட்டன. வந்து காலி மரத்தைப் பார்த்துத் தேதியை மட்டும் எழுதுவாள். ஏப்ரல் ஆறு, ஒன்பது, நாலு, எட்டு, ஏழு. பீரோக் கதவின் உட்புறம் காய்ச்சல் சார்ட் மாதிரி கட்டம் போட்டு ஒட்டியிருந்தாள். போன மே மாதம் ரிட்டயர் ஆனாள். கூட ரிட்டயர் ஆன இரண்டு பேர் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். இவள் பைனாகுலர் வாங்கினாள். அவை மரத்தை விட்டுக் கிளம்புவதைத் தன் மாடியில் நின்று இந்த வருஷம் கண்ணால் பார்த்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டாள். ஈவ்லின் முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதை அமலதாஸைக் கேட்டால் தெரியும். அவர் சிகரெட்டை விட்டது அப்படித்தான்.

மாரக்காள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மகள் ஸ்வாதிக்கு ஏப்ரல் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். முகூர்த்தம் மண்டபத்தில்தான். ஆனால் வெள்ளிக்கிழமையே வாசலில் பந்தல் போட்டு உறவெல்லாம் உட்கார வேண்டும். சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பந்தல் விழும் இடத்துக்கு நேர் மேலேதான் மரத்தின் பெரிய கிளை. அரசம்பழம் தின்ற குருவியின் எச்சம் ஊதா நிறம், விழுந்தால் போகாது. மாப்பிள்ளை செந்தில்நாதனின் தாய்மாமன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு உடுத்தியதே இல்லை என்று கேள்வி.

ஆகவே கரண்ட் ஆபீஸ் லைன்மேன் ரவிக்குமாரிடம் சொல்லி வைத்திருந்தாள். கம்பியில் உரசும் கிளைகளை மழைக்கு முன்னால் எப்படியும் கழிக்க வேண்டும், திங்கட்கிழமை ஆறாம் தேதி வருகிறேன் என்று அவனும் சொல்லியிருந்தான். இதை ஈவ்லின் கேள்விப்பட்டது புதன்கிழமை, மேலே சொன்ன சண்டையின் முடிவில்.

பெரிய வியாழன் அன்று காலை, கோவிலுக்குப் போகும் முன்பாக, சார்ட்டைப் பீரோக் கதவிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

"இதைப் பாருங்க மாரக்கா. அஞ்சு வருஷம். எந்த வருஷமும் ஒன்பதைத் தாண்டலை. நீங்க ரவிக்குமாரைப் பத்தாம் தேதி வரச் சொல்லுங்க. அதுக்குள்ள மரம் காலி."

மாரக்காள் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அதுக என்ன உங்க காலண்டரைப் பாத்தா போகுது? கொழுப்பு ஏறினாப் போவும். ஏறலைன்னா குந்தியிருக்கும்."

"சரி, குந்தியிருந்தா நான் வாயே திறக்கலை. பத்தாம் தேதி காலைல கிளையை எடுத்துக்கட்டும்."

"அன்னைக்கு வந்து மரத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்க மாட்டீங்களே? டிவில காட்டறானே, அந்த மாதிரி."

"எழுதித் தர்றேன்."

எழுதியும் தந்தாள். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்குகிற பாணியில்: பத்தாம் தேதி ரவிக்குமார் கிளை வெட்டுவதற்கு நான் அவரிடமோ மாரக்காளிடமோ தடை சொல்ல மாட்டேன், இப்படிக்கு. பதிலுக்கு மாரக்காள் தட்டையும் கரண்டியையும் சமையலறைக்கு அனுப்பினாள். தெரு ஏமாந்துபோய் மறுபடி சீரியலுக்குத் திரும்பியது.

மறுநாள் பெரிய வெள்ளி. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கோவிலில் மண்டியிட்டிருந்த ஈவ்லின் என்ன வேண்டினாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் வெளிச்சம். ஆனால் ஈஸ்டர் அன்று அதிகாலைப் பூசைக்கு வர முடியாது, எட்டு மணிப் பூசைக்குத்தான் வருவேன் என்று அவள் சொன்னபோது அமலதாஸ் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"கல்லறை காலியான நாள்ல நீ மரம் காலியாகுதான்னு பார்த்துட்டு உக்காந்திருக்கியே."

"ரெண்டையும் பார்ப்பேன். நீங்க முன்னால போங்க."

தினமும் காலை ஐந்தரைக்கு ஃபிளாஸ்கில் காப்பியோடு மாடியேறினாள். விடியும்போது குருவிகள் சளசளவென்று கத்திக்கொண்டு நாலாபக்கமும் இரைக்குப் பறக்கும். மாலை ஆறுக்குத் திரும்பி வந்து அடையும். அடையும்போது பத்துப் பத்தாகக் கட்டி எண்ணி நோட்டில் எழுதுவாள். சனிக்கிழமை அறுநூற்றுப் பத்து. ஈஸ்டர் ஞாயிறு ஐந்நூற்றுத் தொண்ணூறு. திங்கள் அறுநூற்று இருபது. செவ்வாய் அறுநூறு. காய்கறி வண்டிக்கார சீனு கீழேயிருந்து தினமும் ஒரே கேள்வியைக் கேட்டான்: "சிஸ்டர், பேஷண்ட் எப்படி இருக்காங்க?" அவள் தினமும் ஒரே பதிலைச் சொன்னாள்: "அப்படியேதான் இருக்காங்க."

புதன் மாலை, எட்டாம் தேதி. சார்ட்டின்படி அநேகமாக மரம் காலியாகியிருக்க வேண்டும். காலியாகவில்லை. எதிர்மாடியில் மாரக்காள் பாயில் காய்ந்த மஞ்சளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எத்தனைங்க சிஸ்டரு?"

"அறுநூறு."

"நேத்து?"

"நேத்தும் அறுநூறு. ஒண்ணுகூடப் போகலை. அதே கூட்டம் அப்படியே இருக்கு."

மாரக்காள் கூடையைக் கீழே வைத்துவிட்டு மரத்தைப் பார்த்தாள். பிறகு ஈவ்லினைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதே கூட்டம் எங்கங்க? போன வாரம் இருந்ததுக நல்லாச் செவப்பு ஏறினதுக, கொண்டை மசுரு பின்னால தொங்கும். இதுகளைப் பாருங்க, எல்லாம் மங்கல். போன வருசத்துக் குஞ்சுக. அதுக எப்பவோ போயாச்சு. இது வேற."

ஈவ்லின் பைனாகுலரைத் தூக்கினாள். ஒரு வாரமாக அவள் எண்ணிக்கையைத்தான் பார்த்தாளே தவிரக் குருவியைப் பார்க்கவில்லை. உண்மைதான். அழுக்குத் துணி நிறத்தில் அரைகுறையாக ரோஜா ஏறிய குருவிகள். கொண்டையே இல்லை.

"எப்பப் போச்சு?"

"சனிக்கெழம ஒரு கூட்டம். நேத்து விடியக்காலம் ஒண்ணு. அன்னன்னைக்குச் சாயங்காலமே தெக்குச் சீமையிலேர்ந்து வேற வந்து ரொப்பிக்குதில்ல."

"நீங்க பார்த்தீங்களா?"

"பாக்காம? கோலம் போட்டுட்டிருந்தேன், தலைக்கு மேலதான போச்சு."

"ஏன் மாரக்கா சொல்லலை?"

"நீங்களும் அங்கதான குந்தியிருந்தீங்க, காப்பியும் கையுமா. பாத்திருப்பீங்கன்னுதான் நெனச்சேன்."

முப்பத்துநாலு வருஷம் தினமும் வார்டு கணக்கு எழுதியவள் ஈவ்லின். முப்பது கட்டிலும் நிரம்பியிருந்தால் எவரும் வீட்டுக்குப் போகவில்லை என்று அர்த்தமில்லை. காலையில் ஆறு பேர் டிஸ்சார்ஜ், மாலையில் ஆறு பேர் அட்மிஷன். இதைப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு வாரம் கட்டிலை எண்ணிவிட்டு ஆளை விட்டுவிட்டாள். சனிக்கிழமை அந்த நேரத்தில் தலையைக் குனிந்து நோட்டில் வெப்பநிலை எழுதிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. செவ்வாயன்று ஃபிளாஸ்கின் மூடி உருண்டோடிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். அல்லது எதிர்வீட்டுக்காரிக்கு முன்னால் அழக் கூடாதென்று உள்ளே போயிருப்பார்கள். ஈவ்லின் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

"மேயப் போறதுக்கும் ஊருக்குப் போறதுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"எழுதறதுக்கு என்ன இருக்கு. மேயப் போறது நாலாபக்கமும் சிதறும், தாழத்தான் பறக்கும், கத்திக்கிட்டே போவும். ஊருக்குப் போறது கத்தாது. மொத்தமா எழும்பி ஒரு சுத்துச் சுத்தி, மேல மேல ஏறும். அதைப் பாத்தாத்தான் எங்கய்யன் பரணை விட்டு எறங்குன்னு சொல்லும்."

"இதுங்க எப்பக் கிளம்பும்?"

மாரக்காள் மரத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சந்தையில் கன்றுக்குட்டி பார்க்கிற பார்வை. "சனி, ஞாயிறு ஆவும். இதுக்கு மேல வர்றதுக்கு வேற கூட்டமும் இல்ல. இதான் கடைசி."

வெள்ளிக்கிழமை ரம்பம் வருகிறது. இருவருக்கும் அது தெரியும். மாரக்காள் கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழமதானுங்க சிஸ்டரு. எழுதிக் குடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் குரலில் வெற்றி கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது என்று பிற்பாடு ஈவ்லின் சொல்வாள்.

அன்று மாலை கல்யாணப் பெண்ணே வந்து வராந்தாவில் உட்கார்ந்தாள். ஸ்வாதிக்கு ஐடி கம்பெனியில் வேலை. வீட்டில் ஹனூர் உறவு வந்து குவிந்துவிட்டதால் மீட்டிங் பேச எதிர்வீட்டு வராந்தாதான் கதி. பேசி முடித்ததும் ஈவ்லின் மோர் கொடுத்தாள்.

"வீட்டுல என்ன சத்தம்?"

"மாமா மேல அம்மா கத்தறாங்க ஆன்ட்டி. மணவறைல நடறதுக்கு அரசங்கொம்பு ஊர்லேர்ந்து எடுத்துட்டு வரணுமாம், மறந்துட்டாங்க. இப்ப சனிக்கிழமை நஞ்சன்கூடு போய் அங்க யாரோ வீட்டு மரத்துலேர்ந்து வெட்டணுமாம்."

"எதுக்கு நஞ்சன்கூடு? கொம்புதானே."

"சும்மா வெட்ட ஆகாது. ஏதோ பத்ததி. முதல்லயே போய் மரத்துக்கு மஞ்சக்கயிறு கட்டிப் பூசை பண்ணிடணும். கட்டிட்டா தாலி கட்டற வரைக்கும் அந்த மரத்துல அந்த ஒரு கொம்பு தவிர வேற எதையும் வெட்டக்கூடாது. எனக்குச் சரியாத் தெரியாது ஆன்ட்டி, மாமாவுக்குத்தான் எல்லாம் தெரியும்."

"உங்க மாமா காலைல எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?"

ஸ்வாதிக்கு அந்தக் கேள்வி ஏன் என்று விளங்கவில்லை. "அஞ்சுக்கே எழுந்திருப்பாங்க" என்றாள்.

இரவுச் சாப்பாட்டின்போது ஈவ்லின் மாரக்காளுக்கு எழுதிக் கொடுத்த வாசகத்தை அமலதாஸிடம் வரி வரியாகச் சொல்லிப் பார்த்தாள். ரவிக்குமாரிடம் தடை சொல்ல மாட்டேன். மாரக்காளிடம் தடை சொல்ல மாட்டேன். வேறு யாரிடமும் எதையும் பேச மாட்டேன் என்று இருக்கிறதா?

"இல்லை" என்றார் அமலதாஸ், அப்பளத்தை உடைத்தபடி. "ஆனா நீ இப்படிச் சத்தமாக் கேக்கறதுலயே எனக்கு விஷயம் புரியுது."

வியாழன் விடியற்காலையில் மாரக்காளின் தம்பி கெம்பையன் வாயில் வேப்பங்குச்சியோடு வாசலில் நின்றிருந்தார். தோளில் துண்டு, தலையில் முண்டாசு. அதற்குள் அக்காவிடம் மூன்று முறை திட்டு வாங்கி முடித்த முகம். ஈவ்லின் காப்பியை நீட்டினாள்.

"நஞ்சன்கூட்டுக்குப் போறீங்களாமே. வெயில் ஜாஸ்தி."

"என்ன பண்றதுங்க. மறந்து தொலைச்சுட்டேன். அக்கா உசுரை எடுக்குது."

"அந்த மரம் நல்லா இருக்குமா? பூச்சி அரிச்சது, பட்டுப்போனது ஆகாது இல்லையா?"

"பச்சை மரமா இருக்கோணும். கெழக்குப் பாத்த கொம்பா, மூணு கவையா இருந்தாத் தேவலை." சொல்லிக்கொண்டே அவர் கண் தன்னால் மேலே போனது. பத்தடிக்கு அப்பால் பச்சைப் பசேலென்று அரசமரம் நின்றது. கிழக்குப் பக்கம் ஒரு கிளை, மூன்று கவையாக, அவருக்காகவே வளர்த்தது போல. குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"அட, இதை வெச்சுக்கிட்டா நஞ்சன்கூட்டுக்குப் போகச் சொல்லுது அக்கா?"

"எனக்கு இந்தச் சடங்கெல்லாம் தெரியாதுங்க. காப்பி ஆறுது, குடிங்க" என்றாள் ஈவ்லின்.

பத்து மணிக்கு மாரக்காள் பத்திரிகை கொடுக்க விஜயநகருக்குப் போனாள். பதினொன்றுக்கு மரத்தில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டது. தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி, கற்பூரம் காட்டி, மரத்திடம் விஷயத்தைச் சொல்லியும் ஆகிவிட்டது. திரும்பி வந்த மாரக்காள் ஆட்டோவை விட்டு மறுபக்கமாக இறங்கியதால் மரத்தைப் பார்க்கவில்லை. அன்று முழுக்க மாவிடிக்க, பலகாரம் சுட என்று உள்ளேயே இருந்தாள்.

வெள்ளி காலை எட்டு மணிக்கு ரவிக்குமார் ஏணியும் ரம்பமுமாக வந்தான். கயிற்றைப் பார்த்தான். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான்.

"மாரக்கா, பூசை ஆகியிருக்கே, நான் எப்படிக் கை வைக்கறது?"

வெளியே வந்த மாரக்காள் மரத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். கெம்பையன் பெருமையாகச் சிரித்தார். "இங்கயே நல்ல மரம் இருக்குதக்கா. உனக்கு நஞ்சன்கூட்டுப் பஸ்ஸுச் சிரமம் வேண்டாம்னுதான்."

"நீயா பாத்தியா?"

"நானேதான் பாத்தேன். சிஸ்டரம்மா காப்பி குடுத்தாங்க, அப்பத்தான் கண்ணுல பட்டுது."

மாரக்காள் ரோட்டைத் தாண்டி ஈவ்லினின் கேட் வரை வந்தாள்.

"எழுதிக் குடுத்தீங்களே சிஸ்டரு."

"குடுத்தேன். இப்பவும் நான் ஒண்ணும் சொல்லலை. ரவிக்குமாருக்கு டீகூடப் போட்டு வெச்சிருக்கேன். நீங்க வெட்டச் சொன்னா வெட்டட்டும்."

"கயிறு கட்டின மரத்துல என்ற புள்ள கல்யாணத்துக்கு முன்னால கத்தி வெக்கச் சொல்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன். நீங்கதான் சொல்லணும்."

மாரக்காள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தக் கல்யாணத்துக்கு அவள் எடுத்த எந்த ஏற்பாட்டிலும் இதுவரை யாரும் அவளை ஜெயித்ததில்லை, மண்டபத்துக்காரன்கூட.

"உங்களை நர்ஸுன்னு யாரு சொன்னது? வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்" என்றாள். பிறகு திரும்பி, "ரவி, நீ போயிட்டு அப்பறமா வா. அந்தக் கெழக்குக் கொம்பை மட்டும் நாளைக்கு என்ற தம்பி எடுத்துக்குவான்." மறுபடி ஈவ்லினிடம்: "பந்தல்ல ஒரு சொட்டு விழுந்துச்சு, உங்களைத்தான் தொடைக்கச் சொல்லுவேன்."

"சொல்லுங்க. முப்பத்துநாலு வருஷம் அதைத்தான் துடைச்சிருக்கேன்."

சொன்னதைச் செய்தும் காட்டினாள். அன்று மத்தியானமே ஆட்டோவில் போய், ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடையில் கட்டிலுக்கு விரிக்கும் ரப்பர் துணியாக ஒரு சுருள் வாங்கி வந்தாள். பந்தலுக்கு மேலே அதை இழுத்துக் கட்ட அமலதாஸ் அறுபத்திரண்டு வயதில் ஏணியேறினார். சிவப்பு ரப்பர், வெயில் பட்டதும் பந்தலுக்குள் எல்லோர் முகமும் சிவந்து தெரிந்தது. ஸ்வாதி போட்டோவில் அத்தனை பேரும் கோபமாக இருப்பது போல் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை வீட்டார் கொள்ளேகாலத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். நாற்பது பேர். தாய்மாமன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஆறு மணிக்கு வெற்றிலைத் தட்டு கைமாறும் நேரத்தில் தெற்கேயிருந்து குருவிகள் வந்து இறங்கத் தொடங்கின. ஈவ்லின் மாடியில் நோட்டைத் திறந்தாள். இந்த முறை நிறத்தையும் எழுதினாள்.

நாற்பது பேரும் சோளம் போட்ட குடும்பத்தினர். அவர்கள் வேண்டுமென்று செய்ததாகச் சொல்ல முடியாது. தலைக்கு மேல் சோளக்குருவி இறங்குகிற சத்தம் கேட்டதும் முதலில் தாய்மாமனின் கை தானாக எழுந்து தட்டியது. பக்கத்தில் ஒரு கிழவர் வாயில் கை வைத்து ஹோவென்று கூவினார். அடுத்த நொடி பந்தல் முழுக்க எழுந்து நின்று கைதட்டிக் கூவியது. வெற்றிலைத் தட்டு ஏந்தியிருந்த பெண்மணி அதைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். மாப்பிள்ளை செந்தில்நாதனும் தட்டினான். அறுநூறு குருவியும் ஒரே மூச்சில் எழும்பி, ஏரிப் பக்கமாகப் போய்விட்டன.

அமலதாஸ் மாடிக்கு ஓடி வந்தபோது ஈவ்லின் பைனாகுலரை இறக்கவே இல்லை. மரம் காலி. ஆறாவது வருஷமும் காலி. இந்த முறை பார்த்தாள்தான். ஆனால் அவள் பார்த்தது விரட்டப்பட்டதை.

எதிர்மாடியில் மாரக்காள் தெரிந்தாள். பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, விருந்தாளிகளைக் கீழே விட்டுவிட்டு ஏறி வந்திருந்தாள்.

"சிஸ்டரு, கேக்குதுங்களா? தொரத்தினாப் போவாது. பத்து நிமிசத்துல திரும்பி வந்துரும். நாங்க பரண்மேல ஒரு நாளைக்கு நூறு தரம் தொரத்துவோம், போயிருந்தா எங்களுக்கென்ன கவலை. தானா நெனச்சாத்தான் போவும்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"பயந்ததுக கத்திக்கிட்டுத்தான போச்சு? கேட்டீங்கல்ல? அப்ப வரும். நாளைக்கு விடியக்காலம் எழுந்திருங்க. நோட்டை எடுத்துட்டு வராதீங்க."

இருட்டும் முன்பே வந்துவிட்டன. முணுமுணுத்துக்கொண்டு, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, பஸ்ஸில் இடம் பிடிப்பது போல் உட்கார்ந்தன. கீழே பந்தலில் யாரும் கைதட்டவில்லை; மாரக்காள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டம்ளர் பாயசம் கொடுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் சட்டையில் மட்டும் இடது தோளில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு. ரப்பர் எட்டாத ஓரத்தில் அவராகப் போய் நின்றதால் அது கணக்கில் சேராது என்று ஈவ்லின் வாதாடினாள்.

ஞாயிறு காலை மண்டபத்துக்குப் போக வேன் வந்து நின்றது. ஏழரைக்கு முகூர்த்தம், ஆறுக்குக் கிளம்பினால்தான் ஆயிற்று. பெண்ணை ஏற்றியாயிற்று, அரசங்கொம்பை ஏற்றியாயிற்று, கெம்பையனை ஏற்றியாயிற்று. பெண்ணின் அம்மாவைக் காணோம். டிரைவர் ஹாரன் அடித்தான்.

மாரக்காள் எதிர்வீட்டு மாடியில் நின்றிருந்தாள். தலை நிறைய மல்லிகை. பக்கத்தில் கையில் எதுவும் இல்லாமல் ஈவ்லின். காப்பிகூட இல்லை.

"ஹாரன் அடிக்கறாங்க மாரக்கா."

"அடிக்கட்டும். அம்மா இல்லாம எங்க போயிருவாங்க."

கிழக்கு வெளுத்தது. வழக்கமான சளசளப்பு கேட்கவில்லை. இலை அசைந்தது, மேல் கிளையில் ஒன்று, பத்து, பிறகு மரத்தின் பாதி. கத்தாமல், சிதறாமல், ஒரே போர்வையை உதறியது போல எழும்பின. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு சுற்று. இன்னும் உயரத்தில் ஒரு சுற்று. வெயில் படும் உயரத்துக்குப் போனபோது மங்கல் உடம்புகூட ரோஜா நிறமாகத் தெரிந்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு ஃபாக்டரிப் புகைபோக்கிகளுக்கு மேலே வடமேற்காகப் போயின. மிச்சப் பாதி இரண்டு நிமிஷம் கழித்து அதே பாதையில் போனது. ஈவ்லின் கண்ணை எடுக்கவில்லை. புள்ளியாகி, புள்ளியும் போன பிறகும் எடுக்கவில்லை.

"பாத்தாச்சா?"

"பார்த்தாச்சு."

"இப்பக் கல்யாணத்துக்கு வாங்க."

"நீங்க போங்க. சாயங்காலம் ஆறு வரைக்கும் திரும்பி வருதான்னு பார்த்துட்டுத்தான் நான் எழுதணும்."

மாரக்காள் தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். பூ கலையும் என்று நிறுத்திக்கொண்டாள். எதிர்வீட்டுச் சிஸ்டரம்மா தாலி கட்டும்போது மண்டபத்தில் இல்லை என்பதைத் தெரு இன்றுவரை மன்னிக்கவில்லை. சாப்பாட்டுக்கு இருந்தாள், இரண்டாம் பந்தியில். கைகழுவியதும் ஆட்டோ பிடித்து மாடிக்குத் திரும்பிவிட்டாள். ஆறு மணிக்கு மரத்தில் இரண்டு காக்கைகள் இருந்தன.

ரவிக்குமார் மே மாதக் கடைசியில் வந்து கம்பியில் உரசிய கிளைகளை மட்டும் கழித்தான். அந்த ஆவணியிலேயே அவனுக்கும் கல்யாணமாகி, ஹுன்சூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். ஸ்வாதியும் செந்தில்நாதனும் புனேயில் இருக்கிறார்கள். ஐந்தாவது மாடி, எதிரே இன்னொரு ஐந்தாவது மாடி. கோடி வீட்டு முரளிதரனுக்குப் பாஸ்போர்ட் வந்து, அவர் மஸ்கட் போய்விட்டார். பெங்களூரில் இருக்கும் ஈவ்லினின் மகள் மோலி, அப்பா அம்மா இருவரையும் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். அமலதாஸ் பெட்டிகூட எடுத்து வைத்தார். ஈவ்லின் ஒரு நாள் போய் பால்கனியில் நின்று பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மைசூர் வந்துவிட்டாள். ஹெப்பாள் ஃபாக்டரியில் வேலை பார்த்த மாரக்காளின் கணவருக்கு நஞ்சன்கூடு ஃபாக்டரிக்கு மாற்றலாகி, தை மாதத்தில் அந்தக் குடும்பமும் இடம் மாறிற்று. மாரக்காள் வாடகைக்குப் பார்த்த முதல் மூன்று வீடுகளையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். நாலாவது வீட்டுக்குத்தான் மொட்டைமாடி இருந்தது.